தனித்து நில்லாததை உண்டு எனலாமா?

ஒரு பொருளை 'உண்டு' என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது பிறக்கிறது? நம் மதரஸாக்களில் உறுதிக்கு மூன்று படிகள் உண்டெனப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தொலைவிலே புகை எழக் கண்டு, அங்கே நெருப்பு உண்டென அறிவது இல்முல் யகீன். அருகே சென்று நெருப்பையே கண்ணாற் காண்பது ஐனுல் யகீன். அதன் சூட்டைத் தன் மெய்யில் உணர்வது ஹக்குல் யகீன். இந்த உவமைக்குள்ளே பேசப்படாத நம்பிக்கை ஒன்று அடங்கிக் கிடக்கிறது. முதற் படியில் நிற்பவன் கால் வலிக்க நடந்தால் இரண்டாம் படிக்குச் சென்றுவிடலாம் என்பதே அந்நம்பிக்கை. எவ்வளவு நெருங்கினாலும் புகையை மட்டுமே காட்டி, தன்னை ஒருபோதும் காட்டாத நெருப்பு ஒன்று இருக்குமானால், அதைப்பற்றி நாம் என்ன சொல்வது? 'உண்டு' என்பதா, 'உண்டெனக் கொள்க' என்பதா?

வீண் கற்பனையாக இக்கேள்வியை நாம் எழுப்பவில்லை. சென்ற நூற்றாண்டின் பௌதிக அறிஞர்கள் குவார்க்கு என்னும் ஒன்றைக் குறித்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இதே கேள்வியோடு மல்லாடினார்கள். இன்று கல்லூரிப் பாடநூல்களில் குவார்க்கு, உப்பையும் சர்க்கரையையும் போல ஐயத்துக்கு இடமற்ற பொருளாக எழுதப்படுகிறது. நம் இல்லங்களில் அதைப் படிக்கும் பிள்ளைகள் தேர்வுக்கு எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் அதைத் தனியே கண்டதில்லை என்பதும், காணவே இயலாதென்பது அதே பாடத்தின் இன்னொரு பகுதி என்பதும் அவர்கள் நெஞ்சில் தைப்பதில்லை. தைத்தால் நல்லது என்பது நம் கருத்து.

செய்தியை முதலிலிருந்து சொல்வோம். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் கருவொன்று உண்டெனக் காட்டினார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் ஆகிய மூன்றையும் கொண்டு உலகின் பருப்பொருள் முழுவதையும் விளக்கிவிடலாம் என்று சிறிது காலம் தோன்றியது. அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் விசையைச் சுமக்கும் துகள் ஒன்று இருத்தல் வேண்டுமென ஜப்பானியரான யுகாவா 1935-இல் கணித்துச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1947-இல், பிரிஸ்டல் நகரில் பவல் குழுவினர் வானிலிருந்து வரும் கதிர்களில் அதைக் கண்டனர். அத்துடன் நின்றிருந்தால் கதை இனிதே முடிந்திருக்கும். அதே ஆண்டில் யாரும் எதிர்பாராத வேறு துகள்களும் தென்பட்டன. முடுக்கிகள் கட்டப்பட்ட பின்னர் அவை மழைக்காலத்து ஈசல்போலப் புறப்பட்டன. புதுத் துகள் கண்டவருக்கு முன்பு நோபல் பரிசு தந்தார்கள், இனிப் பத்தாயிரம் டாலர் அபராதம் விதிக்க வேண்டும் என்று உலவிய வேடிக்கைப் பேச்சை, லாம் என்னும் அறிஞர் 1955-இல் தம் நோபல் உரையிலேயே எடுத்துக் கூறினார். வலுவான விசைக்கு ஆட்பட்ட இக்கூட்டத்துக்கு ஹாட்ரான்கள் என்று 1962-இல் ருஷிய அறிஞர் ஒகூன் பெயரிட்டார். தடித்தது, பருத்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அதற்கு வேர்.

கூட்டம் பெருகினால் அதை வகை பிரிக்க வேண்டும். 1961-இல் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே வகைப்பாட்டுக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் அமெரிக்கரான மரே ஜெல்மான். மற்றவர் இஸ்ரேலியப் படை அதிகாரியான யுவால் நேமான். இவர் லண்டன் தூதரகத்தில் பணியாற்றிக்கொண்டே, இம்பீரியல் கல்லூரியில் பாகிஸ்தானியரான பேராசிரியர் அப்துஸ் சலாமிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். அரசியல் வரைந்த எல்லைக்கோடுகளை அறிவுத் தேட்டம் எப்படியெல்லாம் தாண்டிவிடுகிறது, பாருங்கள்! எட்டு எட்டாகவும் பத்துப் பத்தாகவும் ஹாட்ரான்கள் அழகிய வடிவங்களில் அடங்குவதை இவர்கள் கண்டனர். பத்துப் பேர் அமர வேண்டிய ஒரு வரிசையில் ஒன்பதே இருந்தன. பத்தாவது இடத்துக்குரிய துகள் எத்தகைய மின்னூட்டமும் ஏறத்தாழ எவ்வளவு நிறையும் கொண்டிருக்கும் என்று 1962-இல் ஜெல்மான் அறிவித்தார். 1964-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், குமிழிக் கலத்தில் எடுத்த பல்லாயிரம் படங்களிடையே அத்துகள் தன் தடத்தைப் பதித்திருந்தது. ஒமேகா என்று அதற்குப் பெயர்.

ஒழுங்கு இருக்குமிடத்தில் அதற்கொரு காரணம் இருக்க வேண்டுமன்றோ? 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காரணத்தையும் இருவர் தனித்தனியே சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ஜெல்மானே. ஹாட்ரான்கள் எல்லாம் மூன்று வகைக் கூறுகளால் ஆனவை என்று கொண்டால் அந்த எட்டும் பத்தும் தாமே விளைகின்றன என்று இரண்டே பக்கக் கட்டுரையில் எழுதினார். ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய விளங்குதற்கரிய புதினம் ஒன்றிலிருந்து எடுத்த குவார்க்கு என்னும் சொல்லை அக்கூறுகளுக்குச் சூட்டினார். மற்றவர் ஜார்ஜ் ஸ்வைக் என்னும் இளைஞர். அப்போது ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் இருந்த அவர், தம் கூறுகளைச் சீட்டுக்கட்டின் பெயரால் ஏஸ் என்று அழைத்தார்.

இக்கூறுகளிடம் ஒரு விபரீதம் இருந்தது. அதுவரை அளந்தறிந்த மின்னூட்டம் யாவும் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தின் முழு மடங்குகளாகவே இருந்தன. குவார்க்குகளுக்கோ பின்னங்கள் தேவைப்பட்டன. ஒரு வகைக்கு 2/3, மற்ற இரண்டுக்கும் -1/3. முதல் வகையில் இரண்டும் இரண்டாம் வகையில் ஒன்றும் சேர்ந்தால் புரோட்டான். 2/3, 2/3, -1/3 ஆகியவற்றின் கூட்டு ஒன்று. முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் இரண்டும் சேர்ந்தால் நியூட்ரான். கூட்டு சுழி. கணக்கு பழுதின்றி வருகிறது. ஆனால் 2/3 மின்னூட்டம் கொண்ட பொருளொன்றை இவ்வுலகில் எவரேனும் கண்டதுண்டா?

இங்கேதான் இருவரும் பிரிகிறார்கள். ஜெல்மான் தம் கட்டுரையின் முடிவில், முடுக்கிகளில் குவார்க்குகளைத் தேடுவது நல்லது, ஏனெனில் மெய்யான குவார்க்குகள் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ள அது உதவும் என்னும் கருத்துப்பட எழுதினார். அதே ஆண்டில் மற்றோர் ஆய்வுரையில் பிரெஞ்சுச் சமையலிலிருந்து ஓர் உவமை கூறினார். கானக்கோழியின் இறைச்சியை இரண்டு கன்றிறைச்சித் துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சமைப்பார்களாம். வெந்தபின் கன்றிறைச்சியை எறிந்துவிடுவார்களாம். அதுபோலக் குவார்க்குகளை வைத்துச் சமன்பாடுகளைப் பெற்றுக்கொண்டு, பிறகு குவார்க்குகளை எறிந்துவிடலாம் என்பது அவர் கூறிய முறை. (நம் இல்லத்துப் பெண்கள் இத்தகைய சமையலை ஒப்புவார்களா என்பது வேறு கேள்வி.)

ஸ்வைக் அவ்வாறு கருதவில்லை. அவரை இவ்வெண்ணத்துக்கு இட்டுச் சென்றது ஃபை என்னும் துகளின் பிடிவாதம். அது சிதைவதற்கு அகலமான வழியொன்று திறந்திருந்தது. இடுக்கு வழியும் ஒன்று இருந்தது. அதுவோ மிகுந்த ஆற்றல் கிடைக்கும் அகல வழியை விட்டு, கேயான் எனப்படும் துகள்கள் இரண்டாகப் பிரியும் இடுக்கு வழியையே பெரும்பாலும் தேர்ந்தது. ஃபை துகளுக்குள் ஒரு தனி வகைக் கூறும் அதன் எதிர்க்கூறும் உள்ளன, அவை அழியாமல் ஆளுக்கொரு கேயானுக்குள் புகுகின்றன என்று கொண்டால் புதிர் அவிழ்கிறது. வெறும் குறியீடு ஒன்று இவ்வாறு தன் அடையாளத்தைக் காத்துக்கொண்டு வீடு மாறிக் குடிபோகுமா? போகாது. ஆகவே அவை உள்ளன என்றார் அந்த இளைஞர்.

இவ்விரு நிலைகளையும் எண்ணுந்தோறும் நமக்கு அரபு இலக்கணப் பாடம் நினைவுக்கு வருகிறது. 'கதப' என்றால் 'எழுதினான்'. எழுதியவன் யார் என்பதைக் காட்டும் சொல் அதில் ஒலிக்கவில்லை. ஆயினும் வினை உண்டெனில் வினைமுதல் உண்டு என்பது நஹ்வு வல்லாரின் கோட்பாடு. ஆகவே 'அவன்' என்னும் ளமீர் அதனுள் மறைந்திருக்கிறது என்பார்கள். இம்மறைவு இருவகை. ஒன்று மறைந்திருக்கலாம் என்பது, அதாவது முஸ்ததிர் ஜவாஸன். அதன் இடத்தில் ஸைத் என்றோ பக்ர் என்றோ வெளிப்படையான பெயரை வைக்கலாம். மற்றது மறைந்தே தீரவேண்டும் என்பது, அதாவது முஸ்ததிர் வுஜூபன். 'உக்துப்' என்றால் 'எழுது'. இங்கே 'நீ' என்னும் வினைமுதல் எக்காலத்தும் வெளிவராது. 'உக்துப் அன்த்த' என்று 'நீ'யையும் சேர்த்துச் சொல்கிறோமே என்று மாணவன் கேட்பான். அப்படிச் சொன்னாலும் வெளியே வந்த அந்த 'நீ' வினைமுதல் அன்று, மறைந்திருப்பதை வலியுறுத்த வந்த தவ்கீத்; மறைந்தது மறைந்தபடியே உள்ளிருக்கிறது என்று உஸ்தாத் விடையளிப்பார். வெளியே இழுக்க முயன்றால் வருவது வேறொன்று! தமிழ் இலக்கணத்திலும் இதற்கொப்ப ஒன்றுண்டு. ஊறுகாய் என்னும் வினைத்தொகையில் முக்காலமும் மறைந்துள்ளன. 'ஊறிய காய்' என்று ஒரு காலத்தை வெளிக்கொணர்ந்த கணமே அது தொகையாக இருப்பதில்லை.

இத்தகைய மறைபொருள்களைக் கண்டித்தவரும் உண்டு. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த குர்துபா நகரத்து இப்னு மளாஉ, இலக்கணவாதிகளை மறுத்து ஒரு நூலே செய்தார். எவரும் மொழியாததும் எவரும் கேளாததுமான சொற்களைச் சொற்றொடருக்குள் திணிப்பது இலக்கணவாதிகளின் கற்பனையே என்பது அவர் வாதத்தின் சாரம். காணாதன கூறற்க என்னும் அந்த ஒழுக்கம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஜெஃப்ரி சூ தலைமையில் ஒரு சாரார் ஏறத்தாழ இதே நிலையில் நின்றனர். ஹாட்ரான்களுள் மூலம் என்றும் விளைவு என்றும் ஏற்றத்தாழ்வு இல்லை, ஒவ்வொன்றும் மற்றவற்றால் ஆனது, உள்ளே கூறுகளைத் தேடுவதே பிழை என்றனர்.

வழக்கு எவ்வாறு தீர்ந்தது? முதலில் அடித்துப் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள முடுக்கி ஒன்று 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. எலெக்ட்ரான்களுக்கு 2,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலூட்டிப் புரோட்டான்மீது எய்தனர். ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே புரோட்டானின் அளவு. அதற்குள் மின்னூட்டம் மாவைப்போலப் பரவிக் கிடக்குமானால், எய்த எலெக்ட்ரான்கள் சற்றே விலகிச் சென்றுவிடும். 1967 முதல் ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் குழுவினர் நடத்திய சோதனைகளில் அவை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பெருங்கோணங்களில் தெறித்தன. மாவுக்குள் கற்கள் இருந்தன! ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்ட முறையும் இத்தகையதே. ஆயினும் அக்கற்களைக் குவார்க்குகள் என்று அழைக்க உடனே துணிந்தாரில்லை. ஃபெயின்மன் அவற்றுக்குப் 'பார்ட்டான்', அதாவது கூறு என்று பொதுப்பெயர் இட்டு நிறுத்திக்கொண்டார். பின்னர் ஜெனீவாவில் கார்கமெல் என்னும் பெருங்கலத்தில் நியூட்ரினோக்களைக் கொண்டு இதே சோதனையைச் செய்து, ஸ்டான்ஃபோர்டு அளவுகளோடு ஒப்பிட்டபோது, 2/3, -1/3 என்னும் பின்னங்களுக்குரிய விகிதமே கிடைத்தது. 1974 நவம்பரில் நான்காம் வகைக் குவார்க்கையும் அதன் எதிரையும் கொண்ட துகள், புரூக்ஹேவனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஒரே காலத்தில் வெளிப்பட்டது. அதன்பின் ஐயுற்றோர் தொகை மிகக் குறைந்தது. ஐந்தாம் வகை 1977-இலும் ஆறாம் வகை 1995-இலும் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் அறியப்பட்டன.

மறுபுறம், தனிக் குவார்க்கைத் தேடியோர் கடல்நீரில் தேடினர், விண்கற்களில் தேடினர், நிலவிலிருந்து கொணர்ந்த மண்ணிலும் தேடினர். 1977-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃபேர்பாங்க் குழுவினர், நியோபியம் என்னும் உலோகத்தின் சிறு உருண்டைகளில் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டத்தைக் கண்டதாக அறிவித்தனர். வேறெவரும் அதை மீட்டும் காணவில்லை. அகப்படவில்லை என்பது ஒருபுறம் இருக்க, அகப்படாமைக்கே காரணம் சொல்லும் கோட்பாடு 1973-இல் பிறந்தது. கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகிய மூவரும் கண்டது இது: குவார்க்குகள் நெருங்கியிருக்கும்போது அவற்றிடையேயுள்ள விசை தளர்கிறது. அகல அகலப் பிணைப்பு விடுவதில்லை. மின்விசையும் ஈர்ப்பு விசையும் தொலைவு கூடக் கூடத் தேய்வன. இதுவோ இழுக்க இழுக்க இறுகும் கயிறு. இழுப்பதற்கு வேண்டிய பலம் பத்து டன் எடையைத் தூக்கும் பலத்துக்கும் மேல். அவ்வளவு ஆற்றலையும் செலவிட்டு இழுத்தால், கயிறு அறும் இடத்தில் செலவிட்ட ஆற்றலே புதியதோர் குவார்க்காகவும் எதிர்க்குவார்க்காகவும் உருவெடுத்து, அறுந்த இரு முனைகளிலும் ஒட்டிக்கொள்கிறது. கையில் வருவது இன்னொரு ஹாட்ரான். ஒரு கயிற்றின் ஒரு முனையை மட்டும் தனியே எடுத்துவா என்று ஒருவனை ஏவினால் அவன் என்ன செய்வான்? வெட்டுவான். வெட்டியதற்கும் இரண்டு முனைகள் இருக்கும். 'உக்துப் அன்த்த' என்பதில் வெளியே வந்த 'நீ' உள்ளேயிருக்கும் 'நீ' ஆகாதது போன்றதே இது. குவார்க்கு என்பது முஸ்ததிர் வுஜூபன்.

இச்சிறைவாசம் கணிதத்தால் ஐயந்திரிபற நிறுவப்பட்டுவிட்டதென எண்ணிவிடலாகாது. 2000-ஆம் ஆண்டில் க்ளே கணித நிறுவனம் தலா பத்து இலட்சம் டாலர் பரிசறிவித்த ஏழு கணக்குகளுள் ஒன்று இதனோடு நெருங்கிய தொடர்புடையது. அப்பரிசு இன்னும் வழங்கப்படவில்லை.

இனி, நம் பக்கத்து முன்னோர் செய்தியொன்றைச் சொல்லாமல் போகலாகாது. 'பிரிக்கவியலாக் கூறு' உண்டா என்பது இல்முல் கலாம் வல்லோரிடையே பெரு வழக்காக இருந்தது. பஸ்ராவின் அபுல் ஹுதைல் உண்டு என்றார். தனிக் கூறுக்கு நீளமில்லை, அகலமில்லை. ஆறு கூறுகள் கூடினால் உடல் பிறக்கும் என்றார். அவருடைய சகோதரியின் மைந்தரெனச் சொல்லப்படும் நள்ளாம், இல்லை, பிரித்துக்கொண்டே போகலாம் என்றார். அப்படியானால் முடிவற்ற கூறுகளைக் கொண்ட வழியை ஒருவன் எவ்வாறு கடப்பான் என்று மடக்கியபோது, இடையிலுள்ளதைத் தொடாமல் தாவிக் கடப்பான் என்று விடையளித்தார். ஹிஷாம் அல் ஃபூத்தி என்பவரின் கருத்துத்தான் நம்மைத் திகைக்க வைப்பது. உடல் முப்பத்தாறு கூறுகளால் ஆனது. அவை அவ்வாறாகக் கூடி ஆறு மூலைகளாக நிற்கின்றன. ஒன்றையொன்று தொடுவது அம்மூலைகளுக்கே உரியது, தனிக் கூறுகளுக்குத் தொடுதல் என்பது பொருந்தாது என்று அவர் கூறியதாக இமாம் அபுல் ஹஸன் அல் அஷ்அரி (ரஹ்) அவர்கள் தம் மகாலாத்துல் இஸ்லாமிய்யீன் நூலிற் பதிந்துள்ளார்கள். கூறுகளைத் தீண்டவியலாது, கூட்டத்தையே தீண்டலாம்!

இதைப் படித்தவுடன், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே குவார்க்கைக் கண்டுவிட்டோம் என்று துள்ளுகிற ஆர்வலர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அவர்களிடம் அன்போடு மாறுபடுகிறோம். ஃபூத்தி எந்தச் சோதனையும் செய்தவரல்லர். அவருடைய ஆறும் முப்பத்தாறும் உடலுக்கு ஆறு பக்கங்கள் உண்டென்னும் எண்ணத்தைச் சார்ந்தவை. குவார்க்கின் மூன்றோ ஹாட்ரான்களின் பட்டியலிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது. திருமறையில் வரும் தர்ரா என்னும் சொல்லை அணு என்றும், இப்போது அதனினும் சிறியதென்றும் பொருள் விரிப்போருக்கும் இதுவே நம் விடை. முற்கால விரிவுரையாளர்கள் அச்சொல்லுக்குச் சிற்றெறும்பு என்றும், வெயிற் கதிரில் மிதக்கும் தூசி என்றும் பொருள் கண்டார்கள். பாமரனுக்கும் விளங்கும் அப்பொருளே அவ்விடங்களுக்கு எவ்வளவு அழகு! பௌதிகம் நாளை தன் சொல்லை மாற்றிக்கொண்டால் இவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

முன்னோரிடமிருந்து நாம் பெறத்தக்கது வேறு. காணும் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவதற்கு, 'ஷாஹிதைக் கொண்டு காயிபை நிறுவுதல்' என்று அவர்கள் பெயரிட்டார்கள். அதற்கு நிபந்தனைகள் விதித்தார்கள். அந்நிபந்தனைகள் ஒருவர் மற்றொருவர் வாயை அடைக்க விதித்தவை அல்ல. சொல்பவன் தன்னையே கட்டிக்கொள்ள விதித்தவை. இந்தத் தராசில் குவார்க்கை நிறுத்தால் என்ன ஆகும்? ஒரு சான்று மட்டும் இருந்திருந்தால் ஜெல்மானின் சமையல் உவமை போதும். வகைப்பாடு ஒரு சான்று, ஃபை துகளின் பிடிவாதம் ஒன்று, எலெக்ட்ரான் தெறிப்பு ஒன்று, நியூட்ரினோ விகிதம் ஒன்று. ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்ளாத சாட்சிகள் ஒரே பின்னத்தைச் சொல்கின்றன. காழி ஒருவர் இதற்கு மேலும் சாட்சி கேட்பாரா? ஆகவே குவார்க்கு 'உண்டு' என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் எந்தப் பொருளில் 'உண்டு' என்கிறோம் என்பதில் தயக்கம் உண்டு. வீடு செங்கல்லால் ஆனது என்றால் செங்கற்களின் எடையைக் கூட்டினால் வீட்டின் எடை வரவேண்டும். புரோட்டானின் நிறையை ஆற்றலின் அளவாகச் சொன்னால் ஏறத்தாழ 93.8 கோடி எலெக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் சொந்த நிறைகளைக் கூட்டினால் ஒரு கோடியைக்கூட எட்டுவதில்லை. நூற்றில் ஒரு பங்கு! எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைப் பிணைக்கும் குளூவான் புலத்தின் ஆற்றலுமே. நம் உடலின் எடையும் நாம் அமரும் நாற்காலியின் எடையும் பெரும்பாலும் அதுவே. மூன்று குவார்க்குகள் என்பதும் முழுக் கதையன்று. தோன்றி மறையும் குவார்க்கு-எதிர்க்குவார்க்கு இணைகளின் பெருங்கூட்டம் உள்ளே அலைமோதுகிறது. 1987-இல் சேர்ன் ஆய்வகத்து அறிஞர்கள், புரோட்டானின் சுழற்சியை அதன் குவார்க்குகளின் சுழற்சிகளைக் கூட்டிப் பெற முடியவில்லை, அவற்றின் பங்கு மிகக் குறைவு என்று கண்டு திகைத்தனர். மூன்று என்று எண்ணிச் சொன்ன பழைய மாதிரி வகைப்பாட்டுக்குப் பொருந்துகிறது. உள்நாட்டு வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை. ஆகவே 'புரோட்டான் மூன்று குவார்க்குகளால் ஆனது' என்று பள்ளியில் சொல்லும்போது, 'ஆனது' என்னும் சொல்லை அடிக்கோடிட்டுச் சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குடும்பம் ஐந்து பேரால் ஆனது என்பதிலும் அச்சொல் வருகிறது. ஐவரும் தனித்தனியே பிரிந்து நின்றால் ஐவர் உண்டு, குடும்பம் இல்லை. குவார்க்கிலோ பிரிந்து நிற்றல் என்பதே இல்லை.

இப்போது அறத்தின் கேள்விக்கு வருவோம். 1964-இல் இருவர் ஒன்றையே கண்டனர். ஒருவர் 'கொள்க' என்றார், மற்றவர் 'உண்டு' என்றார். 'கொள்க' என்றவர் ஏற்கெனவே புகழ்பெற்றவர். 1969-இல், துகள்களை வகைப்படுத்திய பணிகளுக்காக நோபல் பரிசும் பெற்றார். 'உண்டு' என்ற இளைஞரின் நீண்ட ஆய்வுரை சேர்ன் ஆய்வகத்தின் அறிக்கையாகவே கிடந்தது. 1980-இல்தான் ஒரு தொகுப்பு நூலில் அச்சேறியது. முன்னணிப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமக்குப் பணி தரும் பேச்சு எழுந்தபோது, இது ஏமாற்றுக்காரனின் வேலை என்று சொல்லி மூத்தவர் ஒருவர் தடுத்துவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பின்னர் அவர் துகள்களை விட்டு, செவியும் நரம்பும் பற்றிய ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

எச்சரிக்கை ஓர் அறிவொழுக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. அறியாததை அறிந்ததாகச் சொல்லாமை அமானிதம் காப்பதாகும். ஆனால் எச்சரிக்கையில் இருவகை உண்டு. சான்று போதாததால் நாவை அடக்குவது ஒன்று. சான்று எப்பக்கம் சாய்ந்தாலும் தான் விழாதிருக்கும்படி சொல்லை அமைத்துக்கொள்வது மற்றொன்று. ஜெல்மானுடையது எது? தாம் 'கணிதக் குவார்க்கு' என்றது வெளிவர இயலாது அடைபட்டவற்றையே, 'மெய்க் குவார்க்கு' என்றது தனித்து வரக்கூடியவற்றை என்று அவர் பின்னாளில் விளக்கினார். அவ்விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆயினும் கணிதம் என்னும் சொல்லை வாசித்த எவரும் அதற்கு அடைப்பு என்று பொருள் கொண்டிருக்க மாட்டார்கள். இருபொருள்படப் பேசியவருக்கு இரு வாயில்கள் திறந்திருந்தன. ஒரு பொருள்படப் பேசியவர் ஒற்றை வாயிலில் நின்று அடி வாங்கினார். அப்பெரியவரின் மேதைமையைப் போற்றுகிறோம். ஆனால் இந்த ஒரு செய்தியில் நம் மதிப்பு ஸ்வைக்கின் பக்கமே சாய்கிறது. பொய்யாகிவிடக் கூடிய வகையில் உண்மையைச் சொன்னவர் அவர்.

துணிவுக்கும் எல்லை உண்டென்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்று இதே துறையில் நடந்தது. மூன்று குவார்க்கு அன்று, ஐந்து குவார்க்குகள் சேர்ந்த துகளொன்றைக் கண்டதாக 2003-இல் ஜப்பானியக் குழு ஒன்று அறிவித்தது. தொடர்ந்து ஏறத்தாழப் பத்துக் குழுக்கள் நாங்களும் கண்டோம் என்றன. அவற்றுள் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஜெஃபர்சன் ஆய்வகத்தின் குழுவும் ஒன்று. ஆனால் அக்குழு சும்மா இருக்கவில்லை. முன்னிலும் பன்மடங்கு தரவுகளைத் திரட்டி அதே சோதனையை மறுபடியும் நடத்தியது. 2005-இல், அங்கே ஒன்றுமில்லை என்று அறிவித்தது. தன் சாட்சியத்துக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன அம்மனிதர்களை நாம் மிக உயர்வாக எண்ணுகிறோம்.

பத்தாண்டு கழித்து, 2015-இல், சேர்ன் ஆய்வகத்தின் பெருமுடுக்கியில் வேறு வகையான ஐந்து குவார்க்குத் துகள்கள் ஐயமின்றித் தென்பட்டன. 2019-இல் மேலும் கூர்மையாக அளந்தபோது, ஒன்றெனத் தோன்றிய ஒரு முகடு இரண்டாகப் பிரிந்தது, புதிதாக ஒன்றும் கூடியது. ஐந்து குவார்க்குகள் உண்டென்பதில் இப்போது வழக்கில்லை. அவை ஐந்தும் ஒரே கூட்டில் இறுகிக் கிடக்கின்றனவா, அன்றி மூன்று கொண்ட ஹாட்ரானும் இரண்டு கொண்ட ஹாட்ரானும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றனவா என்பதில் அறிஞர்கள் இன்னும் இரு கட்சியாகவே இருக்கின்றனர்.